பரோசா பள்ளத்தாக்கின் பழங்கொடிகள்

பரோசா பள்ளத்தாக்கு என்பது தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத் தலைநகரான அடிலெய்டுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒயின் உற்பத்தி வட்டாரம் ஆகும். ஷிராஸ் என்னும் கருந்திராட்சையிலிருந்து தயாரிக்கப்படும் அடர்ந்த சிவப்பு ஒயினுக்கு இவ்வட்டாரம் புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடப்பட்ட திராட்சைக் கொடிகள் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் பரோசாவும் ஒன்று.

இக்கொடிகளுக்கு இருமுறை பேராபத்து வந்தது. முதல் ஆபத்து ஒரு சிறு பூச்சி. அதைச் சட்டம் தடுத்து நிறுத்தியது. இரண்டாவது ஆபத்து சந்தை வீழ்ச்சி; அப்போது கொடிகளைப் பிடுங்கி எறிய அரசே பணம் கொடுத்தது. இவ்விரண்டையும் கடந்து பழங்கொடிகள் எஞ்சிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் தட்பவெப்பமும்

பரோசாவில் நிலவுவது மத்தியதரைக் கடல் வகைத் தட்பவெப்பம். குளிர்காலத்தில் மழை பெய்யும். கோடைக்காலம் வறண்டும் வெப்பமாகவும் இருக்கும். ஆண்டு மழையளவு சுமார் 500 மில்லிமீட்டர் மட்டுமே. தென் அரைக்கோளத்தில் பருவங்கள் தலைகீழாக வருவதால் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறுகிறது.

வறண்ட கோடையால் பழத்தில் பூஞ்சை நோய்கள் குறைவு. மிகுந்த வெயிலால் பழம் முழுமையாகப் பழுத்துச் சர்க்கரை கூடுகிறது. இச்சர்க்கரையே நொதித்து ஆல்கஹாலாக மாறுவதால், பரோசா ஷிராஸ் ஒயின் அடர்த்தியும் வீரியமும் மிக்கதாக அமைகிறது. பழைய தோட்டங்கள் பல மானாவாரியாக, பாசனமின்றி வளர்க்கப்பட்டவை. கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல் குட்டையான புதர்போல் நிற்கும்.

பள்ளத்தாக்கின் கிழக்கே உள்ள மேட்டுநிலம் ஈடன் பள்ளத்தாக்கு எனப்படும். கடல்மட்டத்திலிருந்து 400 முதல் 500 மீட்டர் வரை உயர்ந்துள்ளதால் அங்கு குளிர்ச்சி அதிகம். புளிப்புத்தன்மை குன்றாத ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சைக்கு அது பேர்பெற்றது. இவ்விரு பகுதிகளும் சேர்ந்ததே பரோசா மண்டலம்.

முதல் கொடிகள்

1788இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் தலைமையில் சிட்னியில் வந்திறங்கிய முதல் கப்பல் தொகுதியிலேயே திராட்சைக் கொடியின் போத்துகள் கொண்டுவரப்பட்டன. ஆனால் சிட்னி கடற்கரையின் ஈரப்பதம் மிகுந்த காற்றில் அவை செழிக்கவில்லை. இடத்திற்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடத்தைக் குடியேறியவர்கள் அங்குதான் முதலில் கற்றனர்.

ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831இல் ஸ்பெயின், பிரான்சு நாடுகளில் பயணம் செய்து நூற்றுக்கணக்கான திராட்சை வகைகளின் போத்துகளைத் திரட்டினார். அவை சிட்னி தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அங்கிருந்தும் வேறு வழிகளிலும் பல வகைகள் மற்றக் குடியேற்றங்களுக்குப் பரவின. இதே பஸ்பிதான் பின்னர் நியூசிலாந்தில் பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்து, 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி உடன்படிக்கையை வரைவதில் பங்கேற்றவர்.

ஷிராஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஈரானிலுள்ள ஷிராஸ் நகரம் நினைவுக்கு வரலாம். ஆனால் இத்திராட்சை அங்கிருந்து வந்ததன்று. பிரான்சில் சிரா எனப்படும் வகையே இது. பிரான்சின் தென்கிழக்கைச் சேர்ந்த இரு திராட்சை வகைகளின் கலப்பில் இது தோன்றியது என்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்துள்ளது.

சைலேசியக் குடியேறிகள்

பரோசா நிலப்பகுதி பெராமங்க், நஜூரி, கௌர்னா ஆகிய தொல்குடி மக்களின் வாழிடம். 1836இல் தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றம் நிறுவப்பட்டபின், அவர்களின் ஒப்புதல் கேட்கப்படாமலேயே நிலம் அளந்து விற்கப்பட்டது. நில அளவைத் தலைவரான கர்னல் வில்லியம் லைட், ஸ்பெயினில் 1811இல் நடந்த பரோசா போரின் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். போர் நடந்த இடத்தின் பெயரில் இரண்டு ‘ர்’ உண்டு; ஆவணத்தில் ஓர் எழுத்து விடுபட்டுப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது.

அக்காலத்தில் பிரஷ்ய அரசர் லூத்தரன் திருச்சபையைச் சீர்திருத்தத் திருச்சபையுடன் கட்டாயமாக இணைத்தார். அதை ஏற்க மறுத்த சைலேசியப் பகுதி லூத்தரன்கள் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற ஆங்கில வணிகர் அவர்களுக்குப் பொருளுதவி செய்தார். 1838 முதல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்த அவர்கள், 1842இல் பரோசாவில் பெத்தானி என்னும் ஊரை அமைத்தனர். வீட்டை அடுத்து நீண்ட பட்டைகளாக நிலம் பிரிக்கப்பட்டது. கோதுமை, பழமரங்கள், காய்கறிகளுடன் திராட்சையும் பயிரானது.

லாங்மைல் என்னுமிடத்தில் 1843இல் நடப்பட்டதாகக் கருதப்படும் ஷிராஸ் தோட்டம் இன்றும் பலன் தருகிறது. யோகான் கிராம்ப் 1847இல் ஜேக்கப்ஸ் கிரீக் ஓடைக்கரையில் தோட்டம் அமைத்தார். 1849இல் சாமுவேல் ஸ்மித் யலம்பாவையும், 1851இல் யோசப் செப்பெல்ட் செப்பெல்ட்ஸ்ஃபீல்டையும் தொடங்கினர்.

முதல் ஆபத்து: ஃபைலோக்செரா

ஃபைலோக்செரா என்பது அசுவினிக்கு உறவான மிகச் சிறிய பூச்சி. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கொடியின் வேரைத் தாக்கிச் சாறுண்ணும். வேரில் ஏற்படும் புண் அழுகிக் கொடி சில ஆண்டுகளில் மடியும். 1860களில் பிரான்சை அடைந்த இப்பூச்சி, ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. இதை ஒழிக்க மருந்து கிடைக்கவில்லை. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையை வேர்ச்செடியாகக் கொண்டு, அதன்மேல் ஐரோப்பிய வகையை ஒட்டுக் கட்டுவதே நடைமுறைத் தீர்வாயிற்று. இன்றும் ஐரோப்பியக் கொடிகளில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகளே.

ஆஸ்திரேலியாவில் இப்பூச்சி 1877இல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் பகுதியில் கண்டறியப்பட்டது. அரசு ஆணைப்படி அங்குத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. பின்னர் விக்டோரியாவின் வேறு பகுதிகளிலும் பூச்சி தோன்றியது. அண்டையிலிருந்த தெற்கு ஆஸ்திரேலியா, வெளியிலிருந்து கொடிகள் வருவதைக் கட்டுப்படுத்தியது. 1899இல் ஃபைலோக்செரா சட்டம் இயற்றப்பட்டுத் தனி வாரியம் அமைந்தது. அதற்கான நிதியைத் தோட்டக்காரர்களே செலுத்தினர்.

இதன் பலனாகத் தெற்கு ஆஸ்திரேலியா இன்றளவும் ஃபைலோக்செரா இல்லாத மாநிலமாக உள்ளது. எனவே பரோசாவின் பழங்கொடிகள் ஒட்டுக் கட்டப்படாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஐரோப்பாவில் அழிவு தொடங்குவதற்கு முன் கப்பலேறிய போத்துகளின் நேரடி வழிவந்தவை என்பதால், அவை மரபணுச் சேமிப்பாகவும் மதிக்கப்படுகின்றன.

இனிப்பு ஒயின்களின் காலம்

1901இல் குடியேற்றங்கள் இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு உருவானதும், மாநிலங்களுக்கிடையிலான சுங்கவரி நீங்கியது. பரோசா ஒயின் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் தடையின்றிச் சென்றது. ஆனால் முதல் உலகப்போரின்போது செருமானிய வழியினர் ஐயத்துக்கு உள்ளாயினர். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் தெற்கு ஆஸ்திரேலியாவின் செருமானிய ஊர்ப்பெயர்கள் பல மாற்றப்பட்டன. பரோசாவில் க்னாடன்ஃப்ரை என்ற ஊர் மரனங்கா ஆனது.

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மக்கள் விரும்பியது இன்றைய சிவப்பு ஒயினை அன்று. திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்ட போர்ட், ஷெரி வகை இனிப்பு ஒயின்களே பெரிதும் விற்றன. 1924இல் இவ்வகை ஒயின் ஏற்றுமதிக்கு ஆஸ்திரேலிய அரசு ஊக்கத்தொகை அறிவித்ததும் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி பெருகியது. ஷிராஸ், கிரனாஷ், மட்டாரோ ஆகிய பழங்கொடிகளின் பழங்கள் பெரும்பாலும் இதற்கே பயன்பட்டன.

மேக்ஸ் ஷூபர்ட்டின் முயற்சி

இந்நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் மேக்ஸ் ஷூபர்ட். பரோசா பகுதிச் செருமானிய லூத்தரன் குடும்பத்தில் பிறந்த அவர், 1931இல் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஏவல் பையனாகச் சேர்ந்து தலைமை ஒயின் தயாரிப்பாளராக உயர்ந்தார். 1950இல் ஷெரி தயாரிப்பைக் காண ஐரோப்பா சென்றவர், பிரான்சின் போர்தோவில் பல பத்தாண்டுகள் கெடாமல் முதிர்ந்த சிவப்பு ஒயின்களைச் சுவைத்து வியந்தார். போர்தோவின் திராட்சை வகைகள் ஆஸ்திரேலியாவில் போதிய அளவு கிடைக்காததால், கையிலிருந்த ஷிராஸையே தேர்ந்தெடுத்தார். அமெரிக்க ஓக் மரத்தாலான புதிய பீப்பாய்களில் முதிரவைத்து, 1951இல் கிரேஞ்ச் ஹெர்மிடேஜ் என்ற ஒயினைச் சோதனையாகத் தயாரித்தார்.

தொடக்கத்தில் அதைச் சுவைத்தவர்கள் குறைகூறினர். 1957இல் தயாரிப்பை நிறுத்துமாறு நிறுவனம் ஆணையிட்டது. ஷூபர்ட் மூன்று ஆண்டுகள் மறைவாகத் தயாரித்துவந்தார். முந்தைய ஆண்டுகளின் ஒயின் முதிர்ந்து சுவை கூடியபின் 1960இல் நிறுவனமே மீண்டும் அனுமதித்தது. 1955ஆம் ஆண்டு கிரேஞ்ச் போட்டிகளில் பல தங்கப் பதக்கங்களைப் பெற்றது. எளிய இனிப்பு ஒயினுக்கே உரியது என்று கருதப்பட்ட ஷிராஸ், உயர்தர ஒயினுக்கும் ஏற்றது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

இரண்டாவது ஆபத்து: கொடி பிடுங்கும் திட்டம்

1970களின் பிற்பகுதியில் மக்களின் விருப்பம் வெள்ளை ஒயின் பக்கம் திரும்பியது. சிவப்புத் திராட்சை தேங்கியது; விலை வீழ்ந்தது. பல தலைமுறைகளாகப் பயிரிட்ட குடும்பங்கள் கடனில் சிக்கின. அப்போது பரோசா நிறுவனமொன்றில் ஒயின் தயாரிப்பாளராக இருந்த பீட்டர் லேமனிடம், விவசாயிகளிடமிருந்து பழம் வாங்க வேண்டாம் என்று மேலிடம் கூறியது. வாங்குவதாக ஏற்கெனவே வாக்களித்திருந்த அவர், அதை மீற விரும்பாமல் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார். அதனால் பல தோட்டங்கள் தப்பின.

ஆனால் நெருக்கடி தீரவில்லை. 1980களின் நடுவில், மிகை உற்பத்தியைக் குறைப்பதற்காகக் கொடிகளைப் பிடுங்குவோருக்கு எக்டேர் கணக்கில் அரசு பணம் வழங்கியது. மகசூல் குறைந்த பழங்கொடிகளே முதலில் பலியாயின. நூறாண்டு வயதுடைய ஷிராஸ், கிரனாஷ் கொடிகள் வேரோடு பெயர்க்கப்பட்டு எரிக்கப்பட்டன. விவசாயிகளைக் குறைசொல்ல இயலாது. விற்காத பழத்தைவிடக் கைக்கு வந்த பணம் அவர்களுக்குத் தேவையாக இருந்தது. பூச்சியிடமிருந்து காத்த அரசே, ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் பிடுங்குவதற்குப் பணம் கொடுத்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

அதே ஆண்டுகளில், 1984இல் ராக்ஃபோர்டு நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் ஓ’காலகன் போன்ற சிறு தயாரிப்பாளர்கள் பழங்கொடிப் பழங்களுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினர். 1990களில் பரோசா ஷிராஸுக்கு வெளிநாடுகளில் பெரும் வரவேற்பு கிடைத்தபோது, எஞ்சிய பழங்கொடிகள் பெருமதிப்புப் பெற்றன.

வட்டாரமும் திராட்சையும்

1994இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பர்கண்டி, ஷாப்ளி போன்ற ஐரோப்பிய இடப்பெயர்களைக் கைவிட ஆஸ்திரேலியா இசைந்தது. இதன்பின் சொந்த வட்டாரப் பெயர்களே ஒயினின் அடையாளமாயின. இன்று 60க்கு மேற்பட்ட வட்டாரங்கள் சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில:

• ஹண்டர் பள்ளத்தாக்கு: வெப்பமும் ஈரப்பதமும் மிக்கது; கோடையில் மழை வரும். முன்கூட்டியே பறிக்கப்படும் செமியோன் திராட்சையிலிருந்து, ஆல்கஹால் குறைந்த, நீண்டகாலம் முதிரத்தக்க வெள்ளை ஒயின் கிடைக்கிறது.

• கூனவாரா: சுண்ணாம்புப் பாறைமீது படிந்த மெல்லிய செம்மண் பட்டை, மிதமான குளிர்ச்சி. கபர்னே சாவின்யோன் சிறப்பு.

• கிளேர் பள்ளத்தாக்கு: வெப்பமான பகலும் குளிர்ந்த இரவும் கொண்டது. ரீஸ்லிங் சிறப்பு.

• ரதர்க்ளென்: நீண்ட, வறண்ட இலையுதிர்காலம். கொடியிலேயே வற்றிச் சுருங்கும் பழத்திலிருந்து இனிப்பு மஸ்கட் கிடைக்கிறது.

• மார்கரெட் ரிவர்: கடல்சூழ்ந்த மிதவெப்பம். கபர்னே சாவின்யோன், ஷார்டனே. 1960களில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் செய்த தட்பவெப்ப ஆய்வே இவ்வட்டாரத்தின் தொடக்கம்.

• டாஸ்மேனியா: நாட்டின் மிகக் குளிர்ந்த பகுதி. பினோ நுவார், நுரைக்கும் ஒயின்.

இன்றைய நிலை

2009இல் பரோசா பழங்கொடிச் சாசனம் வெளியிடப்பட்டது. இதன்படி 35 ஆண்டு கடந்தவை பழங்கொடி, 70 கடந்தவை தப்பிப்பிழைத்தவை, 100 கடந்தவை நூற்றாண்டுக்கொடி, 125 கடந்தவை மூதாதைக்கொடி என வகைப்படுத்தப்படுகின்றன. இதற்குத் தடைசெய்யும் அதிகாரம் இல்லை. ஆயினும் எந்தக் கொடியின் வயது என்ன என்பது பதிவானால், அறியாமல் அழிப்பது குறையும் என்பது நோக்கம்.

ஆபத்துகள் முழுமையாக நீங்கவில்லை. ஃபைலோக்செரா விக்டோரியாவில் இன்னும் உள்ளது. 2006இல் யாரா பள்ளத்தாக்கிலும் கண்டறியப்பட்டது. எனவே தோட்டங்களுக்குச் செல்வோரின் காலணிகளும் இயந்திரங்களும் தூய்மை செய்யப்படுகின்றன. வெப்பநிலை உயர்வால் அறுவடைக் காலம் முன்னே நகர்கிறது. 2020 இறுதியில் சீனா விதித்த, 200 விழுக்காட்டையும் தாண்டிய வரியால் ஏற்றுமதி சரிந்தது. 2024 மார்ச்சில் வரி நீங்கியபோதும் நாட்டில் சிவப்பு ஒயின் மிகையாகவே இருந்தது. கொடிகளைப் பிடுங்க வேண்டும் என்ற பேச்சு மீண்டும் எழுந்துள்ளது.

புதிய கொடியை நட்டால் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கும். 1843இல் நட்ட கொடி போய்விட்டால் அதற்கு ஈடாக ஒன்றை நட இயலாது. 1980களில் பரோசா இழந்த தோட்டங்கள் உணர்த்துவது இதுவே.