பழி சுமந்த தண்ணீர்

ஊர் மாறிக் குடியேறியோர் வாயில் அடிக்கடி வழங்கும் சொல் ஒன்றுண்டு. ‘இந்த ஊர்த் தண்ணீர் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதே அது. தலைமயிர் உதிர்ந்தாலும் தண்ணீர். வயிறு கெட்டாலும் தண்ணீர். உடம்பில் தடிப்பும் அரிப்பும் கண்டாலோ ஐயமே இல்லை, தண்ணீர்தான். நம் காலனியில் இச்சொல் கேளாத வீடு இராது. காரணம் விளங்காத அரிப்பு தோன்றியபோதெல்லாம், புது நாட்டில் குடியேறிய மக்கள் எதன்மேல் பழி சுமத்தினர், உண்மையில் குற்றம் எதனுடையது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பதே இச்சிறு கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவம் கற்றவர்கள் அல்லோம்; பள்ளியிறுதி வகுப்பு தேறி, புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலங்கழிப்பவர்கள். படித்தவற்றையும் பட்டவற்றையும் மட்டுமே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் பட்டதைக் கூறுவோம். நெல்லைச் சீமையின் வறண்ட காற்றில் பிறந்து வளர்ந்த நாம், மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த இரண்டாம் ஆண்டில், அலுவலக நண்பர்கள் சிலருடன் பொன்முடி மலைக்குச் சென்றிருந்தோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெருமரத்தின் அடியில் அரைமணி நேரம் ஒதுங்கி நின்று, மழை விட்டபின் கட்டுச்சோறு உண்டு, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் கண் திறக்க முடியவில்லை. முகம் வீங்கியிருந்தது, கைகளிலும் கழுத்திலும் தடித்துச் சிவந்து கொப்புளங்கள் நீர் கோத்து நின்றன. அரிப்போ சொல்லுந்தரமன்று. வீட்டிலோ தண்ணீரைக் காய்ச்சினர், வடிகட்டினர், வேப்பிலை இட்டனர். பயனில்லை. ‘இந்த மண் நம்மை ஏற்கவில்லை, ஊருக்கே போய்விடுவோம்’ என்று நம் இல்லத்தரசியார் கண்கலங்கினார்.

இரயில்வேயில் பணிபுரிவோர் ஒன்றை அறிவர். தன் விருப்பத்தின்பேரில் மாற்றல் கேட்டுச் செல்பவர், தம் பணிமூப்பை இழந்து, புதிய இடத்தில் வரிசையின் கடைசியிற் போய் நிற்க வேண்டும். பல ஆண்டு உழைப்பு அரிப்புக்கு விலையாகப் போகும். அவ்வாறிருந்தும் விண்ணப்பத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். அன்று மாலை அடுத்த வீட்டு மூதாட்டியார், நம் பிள்ளைகள் ‘அம்மூம்மா’ என்று அழைக்கும் மலையாளத் தாயார், வேலியருகே நின்று நம் முகத்தைக் கூர்ந்து நோக்கி, ‘மோனே, காட்டில் சேருமரத்தின் கீழ் நின்றாயோ?’ என்று வினவினார். ஒரே கேள்வி; நோயின் வேர் அகப்பட்டது.

சேரு என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் கேரளத்துக் காவுகளிலும் வளரும் மரம். அதன் கருமையான பால் தோலிற்பட்டால் பலருக்குத் தடித்துக் கொப்புளம் எழும். மரத்தடியில் நின்று அதன்வழி வடியும் மழைநீர் பட்டாலும் தீங்கு வரும் என்று இந்நாட்டார் அஞ்சுவர். அதற்கு அவர்கள் கூறும் மாற்று விந்தையானது. சேரு தீண்டியவர் தான்றிமரத்தை வலம்வந்து வணங்க வேண்டும்! ‘அவ்வாறு செய், மாறிவிடும்’ என்றார் மூதாட்டியார். நாமும் செய்தோம், மருத்துவரையும் கண்டோம், மூன்று வாரத்தில் நோய் மறைந்தது. இவ்வகைப் புண், பட்ட பொருளை மீண்டும் தொடாதிருந்தால், இரண்டு மூன்று வாரங்களில் தானே ஆறும் இயல்புடையது என்று மருத்துவர் கூறினார். ஆகவே தான்றியின் புகழில் ஒரு பகுதி காலத்துக்கு உரியது. எனினும், எந்த மரம் சுட்டது என்பதை மூதாட்டியார் பிழையறக் கூறினார். விண்ணப்பம் கிழிக்கப்பட்டது.

இவ்வாறு அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர், இம்மண்ணின் மரங்களைப் பற்றி இம்மண்ணின் மக்களிடமே கேட்டறிந்த பெருஞ்செயல் ஒன்று 17-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. கொச்சியில் டச்சு ஆட்சித் தலைவராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரையும் துணைக்கொண்டு மலபார்ச் செடிகொடிகளின் இயல்பைத் தொகுத்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக இலத்தீன் மொழியில் வெளிவந்தது. காட்டுச்சேரு அதில் இடம்பெற்றுள்ளது. பேராசிரியர் கா. சு. மணிலால் பல்லாண்டு உழைத்து ஆக்கிய அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை நம் நகரத்துக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. நாம் வேலியோரத்தில் கேட்ட கேள்வியறிவின் முன்னோர் அந்நூலில் இருக்கின்றனர் என்பது நமக்குப் பெருமகிழ்வு தந்தது.

சேரு தனி மரமன்று. பெருங்குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது. மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவை அதன் உறவினர். மாங்காயின் காம்புப்பால் பட்டு வாயோரம் புண்ணாவதை யாவரும் அறிவோம். இக்குடும்பத்தின் கிளைகள் கடல் கடந்தும் உள்ளன. ஜப்பானியர் மரப்பாத்திரங்களுக்கு மெருகிடும் அரக்குப்பால் தரும் மரமும், வட அமெரிக்காவின் நச்சுக்கொடியும் இவ்வினத்தனவே. வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயருள் ஒருவரான தளபதி ஜான் ஸ்மித் 1624-இல் வெளியிட்ட தம் நூலில், தொட்டால் சிவப்பும் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கி, சிலகாலம் கழித்துத் தானே நீங்கிவிடும் கொடியொன்றைக் குறித்துள்ளார். புதுநாடு புகுந்தோர் உடம்பில் முதலிற் பட்ட சூடுகளுள் அதுவும் ஒன்று.

அந்த அமெரிக்க நாட்டு மக்களே குடியேறியோராய் நம் நாட்டுக்கு வந்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர் பலர்க்குக் காரணம் விளங்காத தோல்நோய் கண்டது. அந்நோய் விந்தையான இடங்களிலே தோன்றிற்று. கழுத்தின் பின்புறத்தில் சிறு வட்டமாக, இடுப்பில் ஒரு பட்டையாக நின்றது. வெயிலென்றும், பூச்சியென்றும், நீரென்றும் எண்ண இடமிருந்தது. லிவிங்குட், ராஜர்ஸ், ஃபிட்ஸ்ஹியூ என்னும் படை மருத்துவர் மூவர் ஆராய்ந்து, 1943-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் உண்மையை வெளியிட்டனர். குற்றவாளி சட்டையிலேயே இருந்தது; அதுதான் சலவைக்குறி!

நம் வீடுகளில் வெளுப்புக்குப் போட்ட துணியின் மூலையில் கருநிறப் புள்ளியும் கோடும் இருந்ததை மூத்தோர் நினைவு கொள்வர். ஒரு வீட்டுத் துணி மற்றொரு வீட்டுத் துணியோடு கலவாதிருக்கச் சலவைத் தொழிலாளர் சேராங்கொட்டைப் பாலால் இட்ட குறி அது. சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்து நிலைத்துவிடும். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. மலையாளத்தார் அம்மரத்தை ‘அலக்குசேரு’ என்பர். வெளுப்புக்குரிய சேரு என்பது பொருள். பெயரிலேயே தொழிலும் குணமும் அடங்கியிருத்தல் காண்க. சொந்த நாட்டில் நச்சுக்கொடியைத் தொட்டுப் பழகிய உடம்பு, அதன் உறவுப்பொருளை இங்கே சட்டைக் கழுத்தில் கண்டதும் சீறியெழும் என்பதை இன்று மருத்துவம் நன்கறியும். அவ்வாறான வீரனுக்கு நோயின் பாதி இந்தியாவில் வந்ததன்று. கப்பலேறும்போதே உடன் வந்தது.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. அதற்கு முன்பே ஆங்கிலேயர், தொடையிடுக்கில் வரும் படையை ‘வண்ணான் சொறி’ என்று தம் மொழியில் பெயரிட்டு வழங்கினர். தம் துணியை வெளுத்தவனே நோயைத் தந்தான் என்பது அவர்தம் எண்ணம். அதுவோ வியர்வையிலும் ஈரத்திலும் செழிக்கும் பூஞ்சணத்தால் வருவது. 1903 முதல் 1915 வரை கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் கஸ்தெல்லானி முதலானோர் வெப்பநாட்டுத் தோற்பூஞ்சணங்களை ஆராய்ந்து விளக்கினர். ஆயினும் பெயர் நீங்கவில்லை. சலவைத் தொழிலாளி செய்யாத குற்றத்துக்கு இழிபெயர் சுமந்தான். அவன் அறியாமலே இட்ட குறியோ நெடுங்காலம் ஐயத்துக்கு உள்ளாகவில்லை. காரணம் விளங்காதபோது, வந்தவர் பழியை எளியவர் தலையிலே ஏற்றுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, ஊர் மாறாமலே இத்துன்பம் உறுவோரையும் மறத்தல் ஆகாது. பிரேசில் நாட்டு முந்திரியைப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். பறங்கியர் கொணர்ந்ததால் மலையாளத்தார் அதைப் ‘பறங்கிமாவு’ என்றனர். நம்மவர் கொல்லாங்கொட்டை என்றனர். 20-ஆம் நூற்றாண்டில் கொல்லம் அதன் பெருந்தொழில் நகராயிற்று. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் சேருப்பாலின் உடன்பிறப்பு. ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்கள் சாம்பலோ எண்ணெயோ கையிற் பூசிக்கொண்டு வேலை செய்வர். ஆயினும் விரல்கள் கறுத்துத் தோலுரிவதுண்டு. நாம் பாயசத்தில் இடும் வெள்ளைப் பருப்பு ஒவ்வொன்றும் அக்கைகளைக் கடந்து வருகின்றது. அவர்கள் எந்தத் தண்ணீரைப் பழிப்பர்? எந்த ஊருக்கு மாற்றல் கேட்பர்?

உடம்பு ஏன் இவ்வாறு சீறுகின்றது? வியன்னா நகரத்து மருத்துவர் பிர்க்கே 1906-இல் இதற்கு ‘அலர்ஜி’ என்று பெயரிட்டார். தமிழில் ஒவ்வாமை என்கிறோம். அதன் இயல்பில் ஒரு சூழ்ச்சி உண்டு. தோலைத் தாக்கும் இவ்வகை ஒவ்வாமையில், முதன்முறை தொடும்போது பெரும்பாலும் ஒன்றும் நேராது. உடம்பு அப்பொருளை உள்ளுக்குள் குறித்துவைத்துக் கொள்ளும். அடுத்த முறை தொட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்தே புண் எழும். ‘சென்ற ஆண்டு இதே வழியில் நடந்தோமே, ஒன்றும் இல்லையே’ என்றும், ‘நேற்று எதையும் தொடவில்லையே’ என்றும் நாம் மயங்குவது இதனாலேயே. குற்றவாளி இரண்டு நாள் முன்னரே போய்விட, எஞ்சி நிற்பது தண்ணீர் ஒன்றே. அதைப் பிடித்துக் கொள்கிறோம். இம்மயக்கத்தை நீக்க யடசோன் என்னும் மருத்துவர் 1895-இல் ஒரு சோதனை கண்டார். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எந்த இடம் சிவக்கின்றது என்று பார்ப்பது அது. இன்றும் தோல் மருத்துவர்கள் இதையே செய்கின்றனர். போலி நகையின் நிக்கல், காலணியின் இரப்பர், தலைச்சாயம் என எத்தனையோ குற்றவாளிகள் இவ்வாறு பிடிபடுகின்றனர்.

மனிதன் இருந்த இடத்திலேயே இருக்க, செடி குடிபெயர்ந்து வருவதும் உண்டு. அமெரிக்க மண்ணுக்குரிய பார்த்தீனியம் என்னும் வெண்பூக் களை, 1950-களின் நடுவில் புணே நகரில் கண்டறியப்பட்டது. அதன்பின் அப்பகுதியில் பிறந்து வளர்ந்த உழவர் பலர்க்கு முகமும் கழுத்தும் தடித்து ஆறாப் புண்ணாயிற்று. இருப்புப்பாதை ஓரங்களில் அக்களை அடர்ந்து நிற்பதை எம் போன்றோர் நாள்தோறும் காண்கின்றோம். அதை உண்ணும் வண்டினத்தை மெக்சிகோவிலிருந்து வருவித்து 1984-இல் பெங்களூரில் விட்டனர். களையோ இன்னும் நம்மோடு இருக்கின்றது. ஆதலின் அதை வெறுங்கையால் பிடுங்க வேண்டா என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நலம்.

அன்பர்களே! கொல்லத்திலிருந்து இருப்புப்பாதை 1918-இல் இந்நகரை எட்டியது. தம்பானூர் நிலையம் 1931-இல் எழுந்தது. அப்பாதை வழியே தொழில் நாடி வந்த தமிழ்க்குடும்பங்கள் பல. வருவோர் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றனர். புதிதாய் வருவோர் வீட்டில் அரிப்பென்றும் தடிப்பென்றும் கேட்டால், ‘தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நாமும் தலையசைக்க வேண்டா. என்று தொடங்கிற்று, உடம்பில் எவ்விடம், அதற்கு இரண்டு மூன்று நாள் முன் எங்குச் சென்றீர், எதைத் தொட்டீர், எதை அணிந்தீர் என்று கேட்போம். தோல் மருத்துவரிடம் அனுப்புவோம். மூச்சுத் திணறலோ, நாக்கு வீக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்க்காது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம்.

எல்லாவற்றினும் மேலாக, வேலிக்கு அப்பால் இருப்பவரிடம் பேசுவோம். இம்மண்ணின் மரங்களை அவர்கள் நம்மினும் நெடுங்காலம் அறிந்தவர்கள். பேசத் தொடங்கியபின் ‘இந்த மண் நம்மை ஏற்கவில்லை’ என்ற சொல் நம் வீட்டில் எழவில்லை. அம்மூம்மா இன்று இல்லை. அவர் காட்டிய தான்றிமரம் இன்றும் நிற்கின்றது. அதனைக் கடந்து செல்லும்போதெல்லாம் நாம் ஒரு முறை வலம்வந்தே செல்கின்றோம். நோய்க்காக அன்று, நன்றிக்காக.