பெட்டி, முத்திரை, பொத்தான்: ஓர் எல்லைக் கிராமத்திலிருந்து வாக்காளர் கல்வியின் வரலாறு

வாக்காளர் கல்வி என்றவுடன் ‘தவறாமல் வாக்களியுங்கள்’ என்னும் அறிவுரையே நம் நினைவுக்கு வருகிறது. இந்தியத் தேர்தல் வரலாற்றில் அதன் முதற்பொருள் வேறு. வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவர் தம் கையால் என்ன செய்ய வேண்டும் எனக் கற்பிப்பதே அது. வாக்களிக்கும் முறை மாறிய ஒவ்வொரு முறையும் மக்கள் மீண்டும் மாணவராயினர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பொழியூரை முன்வைத்து இதனைப் பார்க்கலாம்.

1951-52 முதற்பொதுத்தேர்தலில் வாக்காளர்கள் ஏறத்தாழ 17.3 கோடி. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவோ ஏறத்தாழ 18 விழுக்காடு. சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் எழுத்தை நம்பாமல் சின்னத்தை நம்பியது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி. பெட்டியின் மேல் அவரது சின்னம். வேட்பாளர் பெயரில்லாத சீட்டை விரும்பிய பெட்டியில் இட்டால் போதும். இதை மக்களுக்குப் பழக்க ஒத்திகைத் தேர்தல்கள் நடந்தன. திரையரங்குகளிலும் வானொலியிலும் விளக்கங்கள் அளிக்கப்பட்டன.

அதற்கும் முன்னே இன்னொரு பாடம் இருந்தது. வட இந்தியப் பகுதிகளில் பெண்கள் பலர் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவு செய்யப்பட்டிருந்தனர். சொந்தப் பெயரின்றிப் பதிவு இல்லை என ஆணையம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். வாக்குரிமை, தன் பெயரைத் தானே சொல்வதில் தொடங்குகிறது என்பதை நாடு இப்படித்தான் அறிந்தது.

திருவிதாங்கூர் இதில் முன்னோடி. 1948 ஆம் ஆண்டிலேயே அங்கு வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையின் அடிப்படையில் தேர்தல் நடந்தது. முதற்பொதுத்தேர்தலில் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் ஆனி மஸ்கரீன் என்னும் பெண்மணி சுயேச்சையாக வென்றார். நாகர்கோவிலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் நேசமணி வென்றார். அக்கட்சி தாய்த்தமிழகத்துடன் இணைக்கக் கோரிய பகுதிகளுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆயினும் 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பொழியூரும் அதன் அண்டை ஊரான நீரோடியும் இரு மாநிலங்களின் ஊர்களாயின.

1957 தேர்தலில் எல்லையின் இருபுறமும் அதே பெட்டி முறைதான். 1960 கேரள இடைக்காலத் தேர்தலிலோ ஒரே சீட்டில் எல்லா வேட்பாளர்களையும் அச்சிட்டு, விரும்பிய சின்னத்தருகே முத்திரை குத்தும் முறை புகுந்தது. பொதுத்தேர்தலில் அது நாடு முழுதும் பரவியது 1962 இல். ஆக, கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கடற்கரை மக்களுள், எல்லைக்கு இப்பால் இருந்தவர்கள் 1960 இலேயே கற்ற முறையை, அப்பால் இருந்தவர்கள் தம் பொதுத்தேர்தலில் ஈராண்டு கழித்தே கண்டனர்.

மொழியியல் மாணவருக்கு இம்மாற்றம் முக்கியமானது. பெட்டி முறையில் வாக்காளர் கையிலிருந்த சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை. புதிய சீட்டில் பெயர் ஏறியது. பெயர் ஏறியவுடன் ‘எந்த மொழியில், எந்த எழுத்தில்?’ என்னும் வினாவும் ஏறியது. சீட்டின் மொழியை ஆணையமே தீர்மானிக்கும் என்கின்றன 1961 தேர்தல் நடத்தை விதிகள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த எல்லைவாசிக்கு மலையாளச் சீட்டில் துணை நின்றது சின்னமே. சின்னத்தை எழுத்தறியாமைக்கான தற்காலிக ஏற்பாடாக மட்டும் கருதுவது பிழை. எழுத்து அறிந்தும் அவ்வெழுத்தை அறியாதவருக்கும் அதுவே வழி.

1982 இல் கேரளத்தின் பரவூரில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. மூன்றாம் பாடம் தொடங்கியது. 2009 முதல் ஆணையம் வாக்காளர் கல்விக்கெனத் தனித்திட்டம் நடத்துகிறது. அதன் பயனை வாக்குப்பதிவு விழுக்காட்டைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. வந்தவர், தாம் எண்ணியவருக்கே தம் வாக்குச் சேர்ந்தது என்ற உறுதியுடன், பிறர் துணையின்றி வெளியேறினாரா என்பதே முதற்கேள்வி. அதை எல்லைக் கிராமங்களில், அவர்தம் வீட்டுமொழியில் கேட்க வேண்டும்.