ஆடிய ஊசலும் குரைத்த நாயும்

1665 பிப்ரவரி மாதம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடம்புக்கு முடியாமல் படுத்துக் கிடந்தார். ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்த மனிதர் அவர். எழுந்து நடமாட முடியாதவருக்கு எதிரே தொங்கிய தன் இரண்டு கடிகாரங்களை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று கணக்கிட உருவாக்கிய கடிகாரங்கள். ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓட வேண்டுமே என்று ஜோடியாகச் செய்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது.

ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போகும்போதெல்லாம் மற்றதன் ஊசல் சரியாக வலப்பக்கம் போனது. இம்மி பிசகவில்லை. ஒரு ஊசலைத் தடுத்து ஆட்டத்தைக் கலைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்துக்குள் இரண்டும் மறுபடி ஒத்துப்போயின. யாரோ சமாதானம் பேசி வைத்ததுபோல இருந்தது. இந்த விசித்திரத்துக்கு அவர் வைத்த பெயர், ‘சிம்பதி’. உயிரற்ற இரண்டு பொருள்களுக்கு நடுவே ஒத்துணர்வா?

காற்றுதான் தூது போகிறது என்று முதலில் சந்தேகப்பட்டார். நடுவில் பலகையை வைத்து மறைத்தார். பலனில்லை. பிறகு இரண்டு நாற்காலிகளின் மேல் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே போட்டு, அதில் கடிகாரங்களைத் தொங்கவிட்டார். ஊசல்கள் ஒத்துப்போகும்வரை நாற்காலிகள் மெல்ல ஆடின. ஒத்துப்போனதும் ஆட்டம் அடங்கியது. மர்மம் உடைந்தது. ஒரு கடிகாரத்தின் நடுக்கம் கண்ணுக்குத் தெரியாமல் சட்டத்தின் வழியே அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரத்துக்கே இப்படி என்றால், மனிதனுக்கு எப்படி?

அந்தக் கேள்வி வந்து சேர 84 ஆண்டுகள் ஆயின. 1749-இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து மருத்துவர் டேவிட் ஹார்ட்லி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாம் பார்ப்பதும் கேட்பதும் நரம்புக்குள் நுண்ணிய அதிர்வாக ஓடி மூளையைத் தொடுகின்றன, அவற்றின் மிச்சசொச்சமே எண்ணங்களாகத் தங்குகின்றன என்றார். ஐசக் நியூட்டன் போகிறபோக்கில் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு அவர் கட்டிய மாளிகை அது. மனசு என்பது அதிர்வு என்ற கற்பனைக்கு மருத்துவக் கோட்டு மாட்டப்பட்டது. ஆனால் கோட்டைக் கழற்றியவர் எதிரியல்ல, ஒரு ரசிகர்.

ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1775-இல் ஹார்ட்லியின் நூலைச் சுருக்கி மறுபதிப்புச் செய்தார். எண்ணங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பகுதியை வைத்துக்கொண்டு, அதிர்வுகளைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார். கவிஞர் கோல்ரிட்ஜோ 1796-இல் பிறந்த தன் மூத்த பிள்ளைக்கு ஹார்ட்லி என்றே பெயர் சூட்டினார். 1817-இல் அதே கோல்ரிட்ஜ் அந்தக் கொள்கையை எதிர்த்து எழுதினார். பிள்ளைக்கு வைத்த பெயர் நிலைத்தது, கொள்கை விழுந்தது. அதிர்வின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர்களின் தலைமையகம் இருந்தது மதராஸில்!

பிரம்மஞான சபை 1882-இல் அடையாற்றுக்கு இடம் மாறியிருந்தது. அந்தச் சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் சேர்ந்து, எண்ணங்களுக்கு வடிவமும் நிறமும் உண்டு என்று வண்ணப் படங்களோடு ஒரு நூல் எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணமும் அதிர்வாகப் பரவி அடுத்தவரைத் தொடும் என்றது அந்த நூல். விஞ்ஞானம் கைகழுவிய சொல்லை ஆன்மிகம் வாரி அணைத்துக்கொண்டது. ஒருவரைப் பார்த்ததுமே பிடித்துப்போவதற்கும், காரணமில்லாமல் ஒதுங்கத் தோன்றுவதற்கும் ஆங்கிலத்தில் ‘வைப்ரேஷன்’ என்று சொல்ல வழி பிறந்தது. ஆனால் வாய் நிறையச் சொல்ல வேண்டிய அந்த நீளச் சொல் தெருவில் எடுபடாது. அதைக் குறுக்கியவர்கள் ஞானிகள் அல்ல.

1921 வாக்கில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து லீடி நிறுவனம் ஒரு வாத்தியத்தைச் செய்தது. வரிசையாக உலோகப் பட்டைகள், அடியில் குழாய்கள். மோட்டார் சுழன்று குழாய்களின் வாயைத் திறந்து மூட, ஒலி அலையலையாக நடுங்கும். மேடையில் ஒரு புதுமை காட்டத்தான் அது பயன்பட்டது. பெயர், வைப்ரஃபோன். 1930-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிப்பதிவுக்குப் போனபோது, அப்படிப்பட்ட ஒன்று ஸ்டூடியோவில் சும்மா கிடந்தது. தன் குழுவின் இளம் டிரம்மர் லயனல் ஹாம்ப்டனைப் பார்த்து, வாசிக்க வருமா என்றார்.

சைலஃபோன் பழகியிருந்த ஹாம்ப்டன் அங்கேயே தட்டிப் பார்த்தார். அந்தப் பதிவோடு வைப்ரஃபோன் ஜாஸ் உலகத்துக்குள் நுழைந்தது, ஹாம்ப்டன் அதன் நட்சத்திரமானார். ஜாஸ் கலைஞர்களுக்கு நீளமான பெயர் எதுவும் ஆகாது. வாத்தியத்தின் பெயரை முதல் அசையோடு நறுக்கி, சும்மா ஓர் ‘ஸ்’ ஒட்டிவிட்டார்கள். சொல் தயார். ஆனால் அதற்கு இன்னும் வாத்தியம் என்றுதான் அர்த்தம். அர்த்தம் மாற ஒரு நாய் தேவைப்பட்டது.

கலிபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில் வளர்ந்த பிரையன் வில்சன் என்ற சிறுவனிடம் அவன் அம்மா ஒருநாள் சொன்னார்: நாய்கள் எல்லாரையும் பார்த்துக் குரைப்பதில்லை, சிலரிடமிருந்து வரும் அதிர்வைப் பிடித்துக்கொண்டு குரைக்கின்றன. நம் ஊரில் ‘பட்சி சொல்லுது’ என்பார்களே, அங்கே அது நாய். கண்ணுக்குத் தெரியாத ஒன்று மனிதர்களிடமிருந்து கிளம்பி வருகிறதா? பையன் அரண்டுபோனான். அந்தப் பயம் உள்ளேயே கிடந்து, அவன் வளர்ந்து பீச் பாய்ஸ் இசைக்குழுவின் மூளையாக ஆனபிறகு வெளியே வந்தது.

1966-இன் தொடக்கத்தில் அதைப் பாட்டாக்க உட்கார்ந்தார் வில்சன். கூட இருந்தவர் டோனி ஆஷர். விளம்பரங்களுக்கு வரி எழுதிப் பழகியவர். வில்சன் மனதில் இருந்த தலைப்பு ‘குட் வைப்ஸ்’. ஆஷர் முகம் சுளித்தார். அது கனமில்லாத சொல், மொழியை மலிவாக்கும் பேச்சு என்று பட்டது அவருக்கு. முழுச் சொல்லையே போடலாம் என்றார். அப்படித்தான் அது ‘குட் வைப்ரேஷன்ஸ்’ ஆனது. ஆனால் பாட்டு முடிகிற வழியைக் காணோம்.

பிப்ரவரியில் தொடங்கிய ஒலிப்பதிவு செப்டம்பர்வரை இழுத்தது. நான்கு ஸ்டூடியோக்கள் மாறினார்கள். 90 மணி நேரத்துக்கும் மேல் டேப் ஓடியதாகக் கணக்கு. செல்லோ வந்தது. நம் மோர்சிங்கின் மேற்கத்தியப் பங்காளி வந்தது. பேய்ப்படத்தில் ஊளையிடுவதுபோல ஒலிக்கும் எலெக்ட்ரோ தெரமினும் வந்தது. துண்டுதுண்டாகப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, நான்கு நிமிடம்கூட வராத ஒரு பாட்டைக் கட்டினார் வில்சன். நடுவில் ஆஷரின் வரிகளும் போயின. குழுவின் மைக் லவ் புதிதாக எழுதினார். இத்தனை பணத்தைக் கொட்டிய பாட்டு ஓடுமா?

அக்டோபரில் வெளியானது. டிசம்பரில் அமெரிக்காவின் முதலிடம். ‘வைப்ரேஷன்’ ரேடியோவெங்கும் பறந்தது, ஹிப்பிகளின் அன்றாடப் பேச்சில் ஊறியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆஷர் எடுத்துக் கட்டிக் கொடுத்த வாலை ஜனங்கள் மறுபடி வெட்டினார்கள். அவர் கனமில்லை என்று தள்ளிய குட்டைச் சொல்லே வென்றது. அடுத்து அந்த ‘ஸ்’ஸும் உதிர்ந்தது. 1993-இல் அமெரிக்காவில் இசைமேதை குவின்சி ஜோன்ஸ் தொடங்கிவைத்த பத்திரிகையின் அட்டையில் அந்த ஒற்றை அசை தனியாக நின்றது: வைப்.

இன்று சென்னைக் கல்லூரி வாசலில் ‘செம வைப் மச்சி’ என்பவனும், புது வேலையில் சேர்ந்த மறுநாளே ‘இந்த ஆபீஸ் வைப்பே சரியில்ல’ என்பவளும் சொல்வது அதைத்தான். 2025 பிப்ரவரியில் கணினி விஞ்ஞானி ஆண்ட்ரே கார்பதி, நிரலை வரிவரியாக எழுதாமல், வேண்டியதைப் பேச்சு மொழியில் சொல்லி ஏஐயிடம் விட்டுவிடுவதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டின் சொல்லாக அதையே தேர்ந்தெடுத்தது காலின்ஸ் அகராதி.

ஹார்ட்லியின் நரம்பு அதிர்வு காலாவதியானது. அடையாற்றின் எண்ண அலைகளை எந்தக் கருவியும் பிடிக்கவில்லை. நோயாளி ஒருவர் கண்டறிந்த மரச்சட்டத்தின் நடுக்கம் மட்டும் இன்றும் இயற்பியல் பாடத்தில் அப்படியே இருக்கிறது.