கோடையில் கலையும் கூட்டம்: பிளென்கத்ரா வேட்டைநாய்களின் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

வட இங்கிலாந்தின் கம்பர்லாந்து மலைகளில் நரிவேட்டை நாய்க்கூட்டம் ஆண்டு முழுவதும் கூட்டமாக இருப்பதில்லை. இலையுதிர் காலத்திலிருந்து செம்மறிகள் குட்டி போடும் இளவேனில் வரை நாய்கள் ஒரே கொட்டடியில் இருக்கும். கோடை வந்ததும் கூட்டம் கலைந்து, நாய்கள் பள்ளத்தாக்குப் பண்ணைகளுக்குத் தனித்தனியே பிரிந்து போகும். குட்டியில் வளர்ந்த வீடே பெரும்பாலும் கோடையிலும் ஒரு நாய்க்கு வீடு. அங்கே அந்த வீட்டார் போடுவதைத் தின்று, செம்மறிகளுக்கு நடுவே அவற்றைத் தொடாமல் திரியும். பருவம் திரும்பும்போது கொட்டடிக்கு வரும். வேட்டையைக் கொண்டாடுபவர்களும் கண்டிப்பவர்களும் இந்தக் கோடை மாதங்களைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. இந்த மலைக்கூட்டங்களின் வரலாற்றுக்குத் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். இவை மேட்டுக்குடி விளையாட்டின் ஏழைக் கிளையல்ல. பொது மேய்ச்சல் நிலத்தில் ஆடு வளர்த்த ஊர்கள், ஆட்டுக்காகவே உருவாக்கிக்கொண்ட கூட்டு ஏற்பாடுகளில் ஒன்று.

தமிழ் வாசகருக்கு நரிவேட்டை என்றதும் ஊட்டிப் புல்வெளியில் செவ்வங்கியோடு குதிரையேறி நரியைத் துரத்திய வெள்ளையர்கள் நினைவுக்கு வரலாம். அந்தப் படத்தின் மூலம் லெஸ்டர்ஷயர் சமவெளி. 18ஆம் நூற்றாண்டில் ஹியூகோ மெய்னெல் அங்கே வேகமான நாய்களைப் பெருக்கி, வேட்டையைக் குதிரை ஓட்டக்காரர்களின் விளையாட்டாக்கினார். 868 மீட்டர் உயரமுள்ள பிளென்கத்ரா மலையின் சரிவில் அந்தக் குதிரைக்கு வேலை இல்லை. இங்கே எல்லோரும் நடந்துதான் போனார்கள். விடியலில் நாய்கள் நரி இரவில் நடந்துபோன மோப்பத்தைப் பிடித்து, பாறைகளுக்கு நடுவே அது படுத்திருக்கும் இடம்வரை தொடரும். நரி எழுந்து ஓடிவிட்டால் நாய்களைக் கையாளும் வேட்டைக்காரர் மைல்கணக்கில் பின்தங்கிவிடுவார். நாய்கள் தாமாகவே முடிவெடுத்துப் போகவேண்டும். நாயின் உடலையும் இந்த நிலமே தேர்ந்தெடுத்தது. சமவெளி வளர்ப்பாளர்கள் கனத்த எலும்பையும் பூனையைப்போல் உருண்ட பாதத்தையும் விரும்பினார்கள். மலைக்காரர்கள் தேடியது இலேசான உடல், முயலைப்போல் நீண்ட பாதம், தூரத்துச் சரிவில் கண்ணுக்குத் தெரியும் வெளிர்நிறம்.

இந்த ஏற்பாட்டின் வேரை வேட்டை நூல்களைவிடத் தேவாலயக் கணக்கேடுகளில் தேடுவது பயன்தரும். 1566ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நரித்தலை ஒன்றுக்கு 12 பென்ஸ் வெகுமதியைத் திருச்சபை ஊரே தரவேண்டும் என்றது. அதாவது நரி ஊர்ப்பொதுச் செலவில் ஒழிக்கவேண்டிய பிராணி. மலைமேய்ச்சலும் பொதுவானதே. அங்கே வேலி இல்லை. ஹெர்ட்விக் இனத் தாய்ஆடுகள் தங்கள் எல்லையைக் குட்டிகளுக்குக் கற்றுத்தருகின்றன. ‘ஹீஃப்’ எனப்படும் அந்த எல்லை மந்தையின் நினைவில் மட்டும் இருப்பது. வழிதவறிய ஆட்டை அதன் காதில் வெட்டிய குறியாலும் மயிரில் பூசிய நிறக்குறியாலும் அடையாளம் காண்பார்கள். பண்ணைகளின் குறிகளைப் படமாகத் தொகுத்த மேய்ப்பர் கையேடு 1817இலேயே அச்சாகிவிட்டது. அத்தகைய ஆடுகளை உரியவரிடம் ஒப்படைக்க, குறித்த நாளில் மேய்ப்பர் கூட்டம் கூடும். ஹாஸ்வாட்டர் நீர்த்தேக்கத்தில் பின்னாளில் மூழ்கிய மார்டேல் போன்ற ஊர்களில், அதே கூட்டத்தையொட்டி நாய்களும் வந்தன. ஆட்டைத் திருப்பிக் கொடுப்பது, நரியைத் தேடுவது, இரவில் விடுதியில் பாடுவது மூன்றும் ஒரே நிகழ்வின் பகுதிகள். கோடையில் நாய்களைப் பங்கிட்டுக்கொள்வதும், பருவத்தில் வேட்டைக்காரரையும் நாய்களையும் பள்ளத்தாக்குப் பண்ணைகள் மாறிமாறித் தங்கவைப்பதும் இந்த ஒழுங்கின் நீட்சி என்றே நான் படிக்கிறேன்.

பிளென்கத்ரா நாய்க்கூட்டத்தின் வம்சாவளி வேட்டைக்காரர் ஜான் பீலிடம் தொடங்குவதாகச் சொல்வது மரபு. கால்ட்பெக்கைச் சேர்ந்த பீல் 1854இல் இறந்ததும் அவருடைய நாய்களில் சில, த்ரெல்கெல்டில் கூட்டம் வைத்திருந்த ஜான் குரோசியரிடம் போய்ச்சேர்ந்தன. குரோசியர் 1903 வரை, 60 ஆண்டுகளுக்கும் மேலாக, அக்கூட்டத்தின் தலைவராக இருந்தார். என் வாதத்துக்கு இது சங்கடமான செய்தி. குரோசியர் நிலக்கிழார், பணப்பை ஒருவருடையதாக இருந்ததைக் கூட்டு ஏற்பாடு என்று எப்படிச் சொல்வது? பணம் கூட்டத்தை நடத்தியது, ஆனால் அதை உருவாக்கவில்லை என்பதே என் பதில். கோடையில் நாய்க்குச் சோறும் இடமும் தந்த பண்ணைகள் விலகியிருந்தால், எந்தச் செல்வராலும் மலையறிந்த நாயை வளர்த்திருக்க முடியாது. மேற்கே எஸ்க்டேல், என்னர்டேல் கூட்டத்தை 1857இல் தொடங்கிய டாமி டாப்சன் மரத்தில் நூற்கண்டுக் கட்டைகள் கடைந்து பிழைத்த தொழிலாளி. நிலம் இல்லாத ஒருவரால் கூட்டம் நடத்த முடிந்தது. பண்ணைகளின் ஒத்துழைப்பு இல்லாமல் யாராலும் முடிந்ததில்லை.

பீலின் புகழுக்குக் காரணம் அவருடைய நண்பர் ஜான் உட்காக் கிரேவ்ஸ் எழுதிய பாட்டு. கிரேவ்ஸ் 1833இல் டாஸ்மேனியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். பாட்டு கார்லைலில் புதிய இசையமைப்புப் பெற்று நாடெங்கும் பரவியது. பாட்டின் அந்தப் பயணத்தில் நேர்ந்த ஒரு மாற்றம் என்னை நீண்ட நாள் உறுத்தியிருக்கிறது. பீல் அணிந்தது உள்ளூர்ச் செம்மறி மயிரில் நெய்த, சாயமேற்றாத சாம்பல்நிற அங்கி. பரவிய பாடவடிவங்கள் பலவற்றில் அது ஒளிரும் அங்கியாகிவிட்டது. ஆங்கிலத்தில் ‘gray’ என்பது ‘gay’ ஆன ஒற்றை எழுத்து வேறுபாட்டால் ஆட்டுமயிர் மறைந்து, செவ்வங்கி உள்ளே வந்தது. போதாததற்கு, ஸ்கிடா மலைக்கு வடக்கே சற்றுச் சமமான நிலத்தில் வாழ்ந்த பீல் குதிரையிலும் வேட்டையாடியவர். மலைவேட்டையின் அடையாளமாக உலகம் ஏற்ற மனிதரே அதற்குச் சரியான மாதிரி அல்ல. 1977இல் வேட்டை எதிர்ப்பாளர்கள் சிலர் அவருடைய கல்லறையைச் சேதப்படுத்தியபோது, அவர்கள் தாக்கியதும் அந்தப் பாட்டின் மனிதரைத்தான்.

இதையெல்லாம் வெறும் பயன்பாட்டுக் கணக்காகச் சுருக்கினால் அதுவும் பொய்யாகும். நரியால் சாகும் குட்டிகள் மொத்த இழப்பில் சிறு பங்கே என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மழையும் குளிரும் பசியும் கொல்வது அதைவிட மிக அதிகம். மலைக்காரர்கள் நாய்களின் குரலைக் கேட்கவே போனார்கள். அந்த மகிழ்ச்சியை அவர்கள் ஒளித்ததும் இல்லை. நரியின் வேதனையும் உண்மை. அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு 2000இல், நாய்களால் கொல்லப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்றது. அதே அறிக்கை, மலைப்பகுதிகளில் நரியைக் கட்டுப்படுத்தும் தேவை கூடுதலாக உணரப்படுகிறது, மாற்றுவழிகள் குறைவு என்றும் சொன்னது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு சட்டம் எழுதுவது கடினமான வேலை. ஆனால் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

2004இல் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வேட்டைச் சட்டம் அதைச் செய்யவில்லை. இரண்டு நாய்கள்வரை கொண்டு நரியை வெளியே விரட்டிச் சுடலாம் என்றது. பாறை இடுக்கில் ஒளிந்த நரியைத் தேடி ஒரு டெரியர் நாயை நிலத்தடியில் அனுப்பும் விதிவிலக்கோ, சுடுவதற்காக வளர்க்கப்படும் பறவைகளைக் காக்க மட்டுமே கிடைத்தது. ஆட்டுக்குட்டியைக் காக்க அல்ல. மேட்டுக்குடி விளையாட்டை ஒடுக்கும் சட்டம் என்று பலர் வரவேற்ற ஒன்றில், துப்பாக்கி வைத்திருந்த பண்ணையாரின் வேட்டைப்பறவைக்குக் கிடைத்த இடம் மலை மேய்ப்பரின் குட்டிக்குக் கிடைக்கவில்லை. லெஸ்டர்ஷயரின் படத்தை வைத்துக் கம்பர்லாந்தைத் தீர்ப்பிட்டதன் விளைவு இது.

வேறு விதமாகவும் பார்க்க முடிந்தது என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. குழந்தைக் கதைகளால் அறியப்பட்ட பீட்ரிக்ஸ் பாட்டர், பிற்பாதி வாழ்வில் ஹெர்ட்விக் ஆடுகள் வளர்த்த தேர்ந்த பண்ணையாளர். 1943இல் இறந்தபோது தம் பண்ணைகளை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். தம் ட்ரௌட்பெக் நிலத்தில் நீர்நாய் வேட்டை நாய்களும் முயல்வேட்டை நாய்களும் நுழையக்கூடாது என்று உயிலில் எழுதினார். நரிவேட்டை நாய்களை அந்தத் தடையில் சேர்க்கவில்லை. நீர்நாயும் முயலும் அவருடைய ஆடுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. இந்த மலைகள் அடங்கிய ஏரி மாவட்டத்தின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலம் டிரஸ்டின் கையில் இருக்கிறது. சட்டத்துக்குப் பிறகு செயற்கை மோப்பத்தடத்தைப் பின்தொடர்வதற்கு மாறிய கூட்டங்களுக்கு அந்த நிலத்தில் வழங்கிவந்த அனுமதியை, உறுப்பினர்களின் வாக்கெடுப்பையடுத்து 2021இல் டிரஸ்ட் நிறுத்தியது. பாட்டர் கொடுத்த மலைகளும் அதில் அடங்கும்.