புல்தரையும் நாங்கூழும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, குன்னூரில் உள்ள பழைய வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. வீடு சிறிது, அதன் முன்னே விரிந்து கிடந்த புல்தரையோ பெரிது. ஏறத்தாழ அரை ஏக்கர் இருக்கும். விடியற்காலையில் பனித்துளிகளோடு அதைக் காணும்போது பச்சைப் பட்டு விரித்தாற்போலத் தோன்றும். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் அந்தப் பட்டின்மேல் சின்னஞ்சிறு மண் உருண்டைகள் ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். மண்புழு இரவெல்லாம் மண்ணை உண்டு கழித்த எச்சம் அது. நம் முன்னோர் அப்புழுவை நாங்கூழ் என்று வழங்கினர். அந்த எச்சம் செருப்பில் ஒட்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியை மழுங்கச் செய்யும். வருகின்ற விருந்தினர் முகம் சுளிப்பர்.

நான் வரலாறு கற்பித்து வந்தவன். தோட்டக் கலை அறிந்தவன் அல்லன். யாரோ சொன்னார் என்று இலுப்பைப் பிண்ணாக்கைத் தூளாக்கிப் புல்லின்மேல் தூவி, நிறைய நீரும் பாய்ச்சச் செய்தேன். “வேண்டாம் ஐயா” என்று தோட்டக்காரப் பெரியவர் ஒரு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு நாழிகைக்குள் புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்தன. அவற்றைக் கூடை கூடையாக வாரிக் கொட்டினோம். அவ்வாண்டு புல்தரை மாசு மறுவற்று விளங்கியது. எனக்கும் பெருமிதம் பொங்கியது.

இரண்டு மழைக்காலம் கடந்தது. புல்தரையில் நீர் குளம்போல் தேங்கத் தொடங்கியது. பாசி படர்ந்தது, புல் மஞ்சள் பூத்தது. கம்பியால் குத்திப் பார்த்தால் அரை விரற்கடை இறங்குவதே அரிதாயிற்று. அப்போது பெரியவர் சொன்ன சொல்லை நான் இன்றளவும் மறக்கவில்லை. “உள்ளே இருந்து உழுதவனைத் துரத்திவிட்டோம் ஐயா. இனி நாமதான் உழணும்.” இவ்வாறு சொல்லிவிட்டு, நான்கு பற்கள் கொண்ட இரும்புக் கவை ஒன்றை எடுத்துவந்து, காலால் மிதித்துத் தரையைத் துளையிடத் தொடங்கினார்.

அச்சொல்தான் என்னைப் புத்தகங்களின் பக்கம் திருப்பியது. புல்தரைக்கு என்ன பெரிய வரலாறு இருக்கப்போகிறது என்று மாணவர்களாகிய நீங்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன்.

கண்ணாடிபோல் ஒரே மட்டமாக வெட்டிய புல்தரை மனிதனுக்கு மிகப் பழைய ஆசை அன்று. இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகளின் முன்னே நெடுங்காலமாகப் புல்தரைகள் இருந்தன. அவற்றை ஆடுகள் மேய்ந்தன, அல்லது ஆட்கள் நீண்ட அரிவாளால் அரிந்தனர். பனியின் ஈரம் காய்ந்துவிட்டால் அரிவாளுக்குப் புல் வளைந்து கொடுத்துவிடும்; ஆகவே விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்குவர். 1830ஆம் ஆண்டில், குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌடு என்னும் ஊரின் பக்கத்தில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்ற பொறிவல்லுநர் புல்வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பகுதி கம்பளி ஆலைகள் மிகுந்த பகுதி. நெய்த கம்பளியின் மேற்பரப்பிலுள்ள மயிரைச் சமமாகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது. துணிக்குச் செய்ததைத் தரைக்குச் செய்தார் என்க. நடுத்தரக் குடும்பங்களும் புல்தரை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. 1870களில் புல்தரை டென்னிஸ் பரவியது. 1877இல் விம்பிள்டனில் முதற்போட்டி நடந்தது. பந்து துள்ளும் தரையில் மேடு பள்ளம் ஆகாதன்றோ? புழுவின் எச்சம் பெருங்குற்றமாகத் தோன்றத் தொடங்கியது.

தோட்டக்காரர்கள் அதற்கு முன்பும் மண்புழுவை விரும்பவில்லை என்பது உண்மையே. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் 1777ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். நடைபாதையை அழுக்காக்குகிறது என்று தோட்டக்காரரும், இளம்பயிரை அழிக்கிறது என்று உழவரும் புழுவை வெறுக்கின்றனர். ஆனால் மண்ணைத் துளைத்து, இளக்கி, மழைநீரும் வேரும் உட்புக வழி செய்வது அதுவே. அஃது இல்லையேல் நிலம் இறுகிச் சத்திழந்துபோகும் என்பது அவர் கருத்து. கடிதங்கள் 1789இல் நூலாக வந்தன. படித்தவர் பலர், இந்தப் பகுதியைப் பொருட்படுத்தியவர் சிலரே.

இனி நாம் காணவேண்டியவர் சார்லஸ் டார்வின். உயிரினத் தோற்றம் பற்றி அவர் எழுதியதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் மண்புழுவை ஆராய்ந்தது அதற்கு முன்பே தொடங்கி, அவருடைய வாழ்வின் இறுதிவரை நீண்டது. உலகைச் சுற்றிவந்த கடற்பயணம் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1837இல், அவர் தம் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் வீட்டிற்குச் சென்றார். அவ்வீடு ஸ்டாபர்ட்ஷயரில் மேயர் என்னும் இடத்தில் இருந்தது. மாமன் மருமகனைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்று ஒரு விந்தையைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன்பு புல்லின்மேல் தூவிய சுண்ணாம்பும் கரிக்கசடும் மேலே காணப்படவில்லை. தோண்டினால் சில அங்குலத்தின் கீழே ஒரே படலமாகக் கிடந்தன. அவற்றைப் புதைத்தவர் எவரும் இல்லை. மண்புழுக்கள் அடியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டக் கொட்ட, அவை தாமே கீழே இறங்கிவிட்டன என்பது மாமனின் ஊகம். அதே ஆண்டு நவம்பரில் இலண்டனில் புவியியற் கழகத்தின் முன்பு டார்வின் இதைக் கட்டுரையாகப் படித்தார்.

ஊகத்தோடு நின்றுவிடுபவரா அவர்? 1842இல் கென்ட் மாவட்டத்தில் டவுன் என்னும் சிற்றூரில் குடியேறியவுடன், தம் வீட்டை அடுத்த வயலில் ஒரு பகுதியின்மேல் உடைத்த சுண்ணக்கற்களைப் பரப்பச் செய்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? காத்திருந்தார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871இல் அவ்விடத்தில் ஒரு பள்ளம் வெட்டினார். சுண்ணக்கற்கள் 7 அங்குல ஆழத்தில் வரிசையாகக் கிடந்தன. ஆண்டுக்குக் கால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு வேண்டியிருக்கும்.

இதற்கிடையில், இத்துணைச் சிறிய, இத்துணை வலுவற்ற உயிர் இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று 1869இல் ஒருவர் பத்திரிகையில் மறுத்து எழுதினார். டார்வின் மனம் தளரவில்லை. தொட்டிகளில் மண்புழுக்களை வளர்த்துத் தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். அவற்றுக்குச் செவி உண்டா என்று அறிய மகன் குழல் ஊதினான். மனைவி பியானோ வாசித்தார். புழுக்கள் இசைக்குச் சிறிதும் மயங்கவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோவின்மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியபோது, அதிர்ச்சியை உணர்ந்து வளைக்குள் ஓடி ஒளிந்தன! 1881இல் நூல் வெளிவந்தது. அதுவே அவருடைய கடைசி நூல். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒவ்வோர் ஏக்கரிலும் ஆண்டொன்றுக்குப் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று வெளிவருகிறது என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

அந்நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1891இல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை தம் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் வயற்புறத்தில் நின்று நாங்கூழ்ப் புழுவை விளித்துப் பேசுகிறது. அதன் ஓயாத உழைப்பை உழவரின் உழைப்போடு வைத்துப் போற்றுகிறது. அப்பகுதியை நான் இளமையில் மனப்பாடம் செய்தவன். மனப்பாடம் செய்தவனே பின்னாளில் பிண்ணாக்கைத் தூவினான் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இனி ஸ்காட்லாந்துக்குச் செல்வோம். அங்கே கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களில் கோல்ஃப் ஆட்டம் வளர்ந்தது. முதிய டாம் மாரிஸ் என்று புகழ்பெற்றவர் 1851 முதல் பிரஸ்ட்விக் என்னும் இடத்திலும், 1864 முதல் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் ஆட்டத் திடலைக் காத்தவர். ஒரு நாள் வண்டியிலிருந்த மணல் தவறிப் புல்தரையில் கொட்டிவிட்டதாகவும், பின்னர் அவ்விடத்துப் புல் மட்டும் செழித்ததைக் கண்டே அவர் மணல் தூவும் வழக்கத்தைக் கைக்கொண்டதாகவும் ஒரு கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், மணல், மேலும் மணல் என்று உதவியாளரை அவர் ஓயாது ஏவினார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஞாயிற்றுக்கிழமை ஆட வந்தவர்களிடம், உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் என் திடலுக்கு வேண்டும் என்று கூறி மறுத்துவிடுவாராம். அது சமயப் பற்றாகவும் இருக்கலாம். ஆனால் மண்ணறிவும் அதில் உண்டு. நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் வெற்றிடமே. நீரும் காற்றும் தங்கும் நுண்ணிய அறைகள் அவை. மனிதர் மிதிக்க மிதிக்க அவ்வறைகள் நசுங்குகின்றன. காற்றின்றி வேர் மூச்சுத் திணறுகிறது. மணல் நசுங்காதது, ஆகையால் மேல்மண்ணில் அது கலந்த இடத்தில் வழி அடைபடுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. டார்வின் ஏழு அங்குல மண்ணைத் தோண்டிக் காட்டியும் என்ன பயன்? புழுவை ஒழிக்கும் முயற்சி வலுப்பட்டது. அதற்கு முதற்பொருளாய் அமைந்தது நம் நாட்டுச் சரக்கு என்றால் வியப்பீர்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்போம். இலுப்பை எண்ணெயில் கோயில் விளக்கு எரிந்தது. பிண்ணாக்கு தலைமுழுக்குக்கு உதவியது. இலுப்பை இனத்து வித்தில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பிண்ணாக்கு ‘மௌரா மாவு’ என்ற பெயரில் இந்தியாவிலிருந்து கப்பலேறி, ஆங்கிலேயரின் புல்தரைகளில் தூவப்பட்டது. நுரைக்கும் தன்மையுள்ள அதன் நஞ்சு புழுவின் மெல்லிய தோலை எரிக்க, அது மேலே ஓடிவரும். ஆட்கள் பெருக்கி வாரிவிடுவர். குன்னூரில் நான் செய்ததும் அதுவே.

பின்னர் இதனினும் கொடியவை வந்தன. ஈயமும் பாஷாணமும் சேர்ந்த ஈய ஆர்சனேட் தூவினார்கள். அது மண்ணைவிட்டு எளிதில் நீங்குவதன்று. 1940களில் குளோர்டேன் வந்தது. ஒரு முறை தெளித்தால் பல ஆண்டுகளுக்குப் புழு தலைகாட்டாது. அதுவே அதன் சிறப்பென விற்றனர். அதுவே அதன் குற்றம் என்பது பின்னர் விளங்கிற்று. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதன்முதலில் பட்டியலிட்ட 12 கொடிய வேதிப் பொருள்களுள் குளோர்டேனும் ஒன்று.

உழவன் போய்விட்டான், மிதிப்போர் கூட்டமோ பெருகிற்று. கவையால் துளையிட்டு மாளவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டாம் மஸ்காரோ என்பவர் 1946இல் ‘ஏரிஃபையர்’ என்ற இயந்திரத்தைச் செய்தார். உருளும்போது கரண்டி போன்ற அதன் பற்கள் தரையில் இறங்கி, சிறு சிறு மண்கட்டிகளைப் பெயர்த்து மேலே போட்டுச் செல்லும். அதன் வழிவந்த இயந்திரங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. குழல் போன்ற பற்களால் விரற்பருமனுள்ள மண்ணைப் பிடுங்கி, துளையில் மணலோ மட்கிய உரமோ நிரப்பி, மேலே கால் அங்குல அளவுக்குத் தூவிப் பெருக்கிவிடுகின்றனர். கால் அங்குலம்! டார்வினின் வயலில் நாங்கூழ் ஓராண்டில் கூலியின்றித் தூவிய கனமும் ஏறக்குறைய அதுவே.

பந்து உருளும் திடலுக்கு மயிரிழை மேடும் ஆகாது. அதை நடத்துவோரை நான் குறை கூறமாட்டேன். என்னுடையதோ குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுத் தரை. அங்கே நான் புழுவோடு போர் தொடுத்ததற்கு ஒரு நியாயமும் இல்லை.

குன்னூருக்குத் திரும்புவோம். அரை ஏக்கருக்குக் கால் அங்குலம் பரப்ப ஏறக்குறைய நான்கரை யூனிட் மண் வேண்டும் என்று லாரிக்காரர் கணக்கிட்டார். மணலும் செம்மண்ணும் மட்கிய இலையும் கலந்து சலித்தோம். களிமண் தரையின்மேல் வெறும் மணலைப் படலமாகப் போட்டால் இரண்டும் ஒட்டாமல் தனித்து நிற்கும் என்று எச்சரித்தவர் பெரியவரே. நான்கு ஆட்கள் ஆறு நாள் துளையிட்டனர். இரண்டு நாள் தூவினர். புல்லின் நுனி மறையாதபடி மூங்கில் துடைப்பத்தால் பெருக்கினர். கூலி கொடுக்கும்போது, கூடையில் வாரிக் கொட்டிய உழவர்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில், பெரியவர் என்னை விடியற்காலையில் எழுப்பினார். புல்லின்மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக மண் உருண்டைகள் தோன்றியிருந்தன. “வந்துட்டான் ஐயா” என்றார். வெயில் ஏறி அவை காய்ந்தபின், நீண்ட பிரம்பு ஒன்றால் உருண்டைகளை மெல்லத் தட்டி உடைத்துப் பரப்பிக்கொண்டே சென்றார். அடுத்த பிரம்பை நான் எடுத்துக்கொண்டேன்.