பணயமாகச் சென்ற இரு சிறுவர்கள்: ராயக்கோட்டையில் ஒரு வரலாற்று வகுப்பு

ராயக்கோட்டை மலையை நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மேலே இருப்பது திப்பு சுல்தான் காலத்துக் கோட்டை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டால், ஒருவர் ஷஹீத் என்று நெகிழ்வார்; மற்றொருவர் கொடுங்கோலர் என்பார். இருவருக்கும் ஆதாரம் கைபேசிதான். பள்ளியில் "உங்கள் திப்பு" என்று சீண்டப்பட்ட ஒரு மாணவன், "அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று நம்மிடம் வந்து கேட்டான். நாமும் ஒரு புகழுரையையே பதிலாகத் தந்தோம். அது அவனுக்குப் போதவில்லை.

ஆகவே கோடை விடுமுறையில், மதரஸா பிள்ளைகள் சிலரோடு அமர்ந்து ஆவணங்களிலிருந்து தொடங்கினோம். 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் படை இக்கோட்டையைப் பிடித்தது. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் தர நேர்ந்தது. பாராமகால் கம்பெனிக்குப் போயிற்று. ஓசூர் 1799 வரை மைசூரிடமே இருந்தது. இன்று கர்நாடகத்துக்குள் நுழைய எல்லை கடக்கிறோம். அன்று ஓசூர் செல்லவே நாடு கடக்க வேண்டும்! பிள்ளைகள் அந்த எல்லையை வரைபடத்தில் தீட்டியபோது அவர்களுக்கு ஏற்பட்ட வியப்பு, எந்தப் பாடநூலும் தந்திராதது.

ஆனால் அவர்களை உண்மையில் பிடித்துக்கொண்டது வேறொன்று. உடன்படிக்கை நிறைவேறும்வரை திப்புவின் புதல்வர்கள் அப்துல் காலிக்கும் முயிஸ்ஸுத்தீனும் காரன்வாலிஸிடம் பணயமாக ஒப்படைக்கப்பட்டார்கள். சுமார் பத்து வயதும் எட்டு வயதும். சென்னையில் இருந்துவிட்டு 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். "என் வயதுதானே!" என்றான் ஒருவன்.

இந்நிகழ்ச்சியை ஆங்கில ஓவியர் பலர் தீட்டினர். ராபர்ட் ஹோமின் ஓவியத்தையும் மேத்தர் பிரவுனின் ஓவியத்தையும் அருகருகே வைத்தோம். ஹோம் படையோடு சென்றவர். பிரவுன் இந்தியாவுக்கே வராமல் லண்டனில் இருந்து தீட்டியவர். இதை முதலில் சொல்லாமல், "எவர் நேரில் கண்டவர்?" என்று கேட்டோம். அரைமணி நேரம் வாதம் நடந்தது. பின்னர் ஒரு சிறுமி கேட்டாள்: "நேரில் கண்டவரும் ஜெயித்த பக்கத்து ஆள்தானே?" வகுப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்போம். காரன்வாலிஸ் சிறுவர்களைத் தந்தைபோல் ஏற்றார் என்று காட்டவே அந்த ஓவியங்கள் விரும்புகின்றன. சிறுவர்களின் சொல் அவற்றில் இல்லை.

அந்தச் சொல்லைப் பிள்ளைகள் எழுதினார்கள். அப்துல் காலிக் தன் தாய்க்கு எழுதுவதாக ஒரு கடிதம், நிபந்தனை ஒன்றே. ஆவணத்தில் உள்ளது நீல மையில், தாம் கற்பனை செய்தது பச்சை மையில். பெரும்பாலான தாள்கள் பச்சையாகவே வந்தன. அதில் குற்றமில்லை. எது பச்சை என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதே, கைபேசிச் செய்திகளில் அதுதான் இல்லை.

இப்பழக்கம் நமக்குப் புதிதன்று. சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவர் நினைவாற்றல் எத்தகையது என்று ஒவ்வோர் அறிவிப்பாளரையும் ஆராய்ந்தவர்கள் ஹதீஸ் அறிஞர்கள். அவ்வழிவந்த நாம் வரலாற்றில் மட்டும் காதில் விழுந்ததையெல்லாம் பரப்புவானேன்?

நம் பகுதிக்கு ஆவணப் பஞ்சமும் இல்லை. 1792இல் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடும், தாமஸ் மன்றோ உள்ளிட்ட அவருடைய உதவியாளர்களும் திரட்டியவை மக்கள், விளைபொருள், வரி எனப் பகுதி பகுதியாகப் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் பின்னர் அச்சாயின. வரி வாங்க வந்தவர் எழுதியது என்பதை மறவாமல் அவற்றையும் படிக்கலாம்.

கடைசி நாளில் வீட்டிலிருந்து ஒரு பழைய தாள் கொண்டுவரச் சொன்னோம். பட்டா, ரேஷன் அட்டை, தொழிற்சாலை அடையாள அட்டை எல்லாம் வந்தன. ஒரு சிறுமி தன் நானிமாவின் நிக்காஹ் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். உருது எழுத்து, வீட்டில் எவருக்கும் படிக்கத் தெரியவில்லை. இமாம் படித்துச் சொன்னார்: மஹர் தொகை, கீழே இரு சாட்சிகளின் பெயர்கள். ஒருவர் நானாவின் தம்பி. மற்றவர் யாரென்று அவள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.