பெயரும் படமும்

உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர், எறும்பை மூவறிவுயிர் என்றும் தும்பியை நான்கறிவுயிர் என்றும் கொண்டார். சிற்றுயிரையும் கூர்ந்து நோக்கி இனம் பிரித்தல் தமிழர்க்குப் புதிதன்று.

பினாங்குத் தண்ணீர்மலையில் 1884-ஆம் ஆண்டு அமைந்த தாவரவியல் தோட்டத்திற்கு இன்று செல்லும் மாணவர், இலைமேல் ஒரு பூச்சியைக் கண்டால் கைபேசியில் படம் பிடிக்கின்றனர். மறுகணமே அதற்கொரு பெயரும் இட்டுவிடுகின்றனர். அப்பெயர் எத்துணை உறுதியுடையது? தோட்டப் பயிர்களின் வரலாறே இதற்கு விடை கூறும்.

தேயிலை, கொக்கோ, முந்திரி, கொய்யா ஆகியவற்றின் தளிரிலும் காயிலும் சாறுறிஞ்சிக் கருவடுக்களை உண்டாக்கும் பூச்சியொன்று உண்டு. தேயிலைக் கொசு என்பர். அது கொசுவன்று, நாவாய்ப்பூச்சி. ஹெலோபெல்டிஸ் என்பது அதன் பேரினம். முதுகின்மீது குண்டூசிபோல் ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். படம் தெளிவாயிருப்பின், அம்முள்ளைக் கொண்டே பேரினத்தை அறியலாம். சிற்றினமோ எளிதில் அகப்படுவதில்லை.

1858-இல் பிரெஞ்சு அறிஞர் சிக்னோரே, இலங்கைப் பூச்சியொன்றிற்கு 'அன்டோனி' என்று பெயரிட்டார். 1886-இல் வாட்டர்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 'தெய்வோரா', 'பிராடி' என இரண்டினைச் சேர்த்தார். 1939-இல் மில்லர் என்பார் மலாயாப் பூச்சியொன்றைப் புதிய இனமாகக் கருதி, கொக்கோவின் பெயரால் 'தியோபுரோமே' என்றார். அதுவும் தேயிலையின் பெயர் பெற்ற தெய்வோராவும் ஒன்றே என்பது பின்னரே தெளிவாயிற்று. ஓருயிர்க்கு இரு பெயர்!

ஜாவாவில் நேர்ந்ததோ இதற்கு மாறு. அங்கே நெடுங்காலம் அன்டோனி என்றே எழுதப்பட்டது உண்மையில் பிராடி என்பதை, 1991-இல் வெளிவந்த ஸ்டோன்டாலின் ஆய்வு காட்டிற்று. இரண்டு உயிர்க்கு ஒரு பெயர்! ஒன்றின் பழக்கமும் பகையும் மற்றொன்றின் கணக்கில் ஏறின. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். அப்பிழையின் விலையைச் செலுத்துபவர் உழவரே.

இவ்வினங்களின் நிறம் ஒன்றுக்கொன்று மாறுபடும், ஓரினத்திற்குள்ளேயே வேறுபடும். ஆண் பூச்சியின் உள்ளுறுப்பை நுண்ணோக்கியில் கண்டே அறிஞர் துணிவர். ஒளிப்படத்தில் அவ்வுறுப்புத் தோன்றுவதில்லை.

ஆயினும் படம் வீணன்று. மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்து, செடி, இடம், நாள் ஆகியவற்றையும் குறித்து வைத்தால் அது நல்ல சான்றாகும். அதன்கீழ் 'பேரினம் மட்டும் தெரிந்தது' என்றெழுதும் மாணவனை ஆசிரியர் குறைகூறல் ஆகாது. அறிந்த எல்லையில் நிற்பதும் கல்வியே.